ஆறாவது நாற்காலி

ஹென்னியின் முதல் கணவன் செய்த பெஞ்சில் உட்கார்ந்துதான் அவளுடைய இரண்டாவது கணவன் எஸ்பென் இத்தனை வருஷமும் காப்பி குடித்து வந்தான். காப்பி நன்றாகத்தான் இருந்தது. பெஞ்சும் நன்றாகத்தான் இருந்தது. அவனுக்கு எரிச்சலே அதுதான்.

ஓடென்ஸ் நகரத்துக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டிய தோட்டக் குடியிருப்பில் அவர்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. ஒரு மரக்குடில், ஒரு கொடிக்கம்பம், தோட்டச் சங்கத்தின் விதிப்படி வெட்டிவிட்ட செடிவேலி, நடுவில் ஒரு ஆப்பிள் மரம். மரத்தடியில் அந்த ஓக் மரப் பெஞ்சு. கோடை முழுக்க அவர்கள் குடியிருந்தது அங்கேதான். பெஞ்சைச் செய்த வெர்னர் தச்சன். ஊரில் பாதி வீடுகளுக்கு ஜன்னல் அவன் கைவேலை. விவாகரத்து ஆனதும் எங்கேயாவது கண்காணாத இடத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. எதிர் வரிசையிலேயே ஒரு துண்டு நிலம் வாங்கிக்கொண்டு, கிறிஸ்துமஸ் வாத்துக்கறிக்கும் தவறாமல் வந்துகொண்டிருந்தான். மூன்று பேரும் சிரித்த முகமாகப் பழகினார்கள். அங்கே அப்படித்தான் பழக வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் ஊர் சிரிக்கும்.

வாத்துக்கறியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கத்தரிக்கோலைத்தான் எஸ்பெனால் பொறுக்க முடியவில்லை. புல் இரண்டு விரல் வளர்ந்தால் போதும், வெர்னர் கத்தரிக்கோலும் கையுமாக வந்து பெஞ்சின் முன் மண்டியிட்டுவிடுவான். நான்கு கால்களையும் சுற்றி, மாப்பிள்ளைக்கு மீசை திருத்துகிற மாதிரி, ஒவ்வொரு புல்லாக வெட்டுவான்.

"நானே வெட்டிக்கிறேன் வெர்னர். என் தோட்டந்தானே இது" என்று எஸ்பென் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டான்.

"மெஷின் பட்டா கால்ல கீறல் விழும். ஓக்குப்பா இது. நீ ஓட்டின பஸ்ஸு இல்ல."

"அப்ப பெஞ்ச நகர்த்தி வெச்சுட்டு வெட்றேன்."

"நகர்த்தறதா!" வெர்னர் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டான். "நல்ல பெஞ்சுக்கு ஒரே இடந்தான். ஒரு தடவ தூக்கினா மரத்தக் கோத்த பூட்டெல்லாம் விட்டுப்போயிரும். ஹென்னிக்குத் தெரியும், கேட்டுப் பாரு."

ஹென்னிக்குத் தெரியும். அவளிடமும் இதையேதான் சொல்லி வைத்திருந்தான். அந்தப் பெஞ்சைப் போட்டபோது ஆப்பிள் மரம் அவள் முழங்கால் உயரம். இப்போது அது குடை விரித்து நின்றது; பெஞ்சின்மேல் ஒரு பொட்டு வெயில் விழுவதில்லை. தோட்டத்தில் மற்ற இடமெல்லாம் வெயில் காய, ஹென்னி ஜூலை மாதத்தில் கம்பளிச் சால்வை போர்த்திக்கொண்டு காப்பிக் கோப்பையில் கை சூடு பண்ணுவாள். பெஞ்சை நகர்த்த மட்டும் விட்டதில்லை.

எஸ்பெனுக்குப் பொறாமை. சுற்றி வளைப்பானேன்? அவன் மனைவியின் தோட்டத்தில், ஆகச் சிறந்த இடத்தில், அசைக்க முடியாமல் இன்னொருவன் உட்கார்ந்திருந்தான். முப்பது வருஷம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற எஸ்பெனின் கையால் செய்தது என்று சொல்ல அந்தத் தோட்டத்தில் ஒரு குச்சிகூடக் கிடையாது.

இவ்வளவுக்கும் எஸ்பென் நல்ல உயரம். ஹென்னியின் நெற்றி சரியாக அவன் உதட்டுக்கு நேராக வரும். அதனால் அவளுக்கு வாய்த்ததெல்லாம் நெற்றி முத்தம். உதடு வேண்டுமென்றால் அவள் நுனிக்காலில் எம்ப வேண்டும். கொஞ்ச காலம் எம்பினாள். முழங்கால் வலி வந்ததும் விட்டுவிட்டாள். அவனும் அதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்த வருஷம் ஜூன் மாதம் அவர்களுக்குச் செப்பு மணநாள் வந்தது. வெள்ளி விழாவுக்குப் பாதி தூரம், பன்னிரண்டரை வருஷம். அன்று விடிகாலையில் அக்கம்பக்கத்தார் வந்து வாசலில் பாதி வளைவு கட்டிப் பாட்டுப் பாடி எழுப்புவார்கள். எழுப்பியவர்களுக்கு ரொட்டியும் காப்பியும் கசப்பு மதுவும் கொடுக்க வேண்டும். ஏப்ரலில் ஒருநாள், வந்தவர்களை எங்கே உட்கார வைப்பது என்ற பேச்சு வந்தது. எஸ்பெனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நாற்காலி நான் செய்யறேன். ஒரே மாதிரி ஆறு. அதுக்கேத்த மேஜை ஒண்ணு. செஞ்சு முடிச்சேன்னா அந்தப் பெஞ்சு இங்கேர்ந்து போயிரணும்."

ஹென்னி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீயா? போன வருஷம் பறவைக்கூடு செஞ்சியே, அதுல ஒரு பறவையாவது வந்துச்சா?"

"பறவைக்கு ரசனை இல்ல."

"சரி. ஆறும் ஒரே அச்சா இருக்கணும். ஒண்ணு இன்னொண்ணவிட ஒசந்து நிக்கக் கூடாது. நின்னுச்சுன்னா பெஞ்சு தோட்டத்துலயே இருக்கும், அப்புறம் அதப்பத்தி நீ வாயே தொறக்கக் கூடாது. தீர்ப்பு வெர்னர் சொல்லட்டும். மரம் தெரிஞ்சவன் அவன்தான்."

வெர்னர் தீர்ப்புச் சொல்வதா என்று எஸ்பெனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. மறுத்தால் பயந்துவிட்டான் என்றாகிவிடும். சரி என்று தலையை ஆட்டிவிட்டான்.

மரக்கடையில் லார்ச் மரப் பலகைகளை வாங்கினான். மேஜைக்கு வேண்டியதையும், நாற்காலிகளின் உட்காரும் சட்டங்களையும் சாயும் சட்டங்களையும் கடையிலேயே அளவாக அறுத்துக் கொடுத்துவிட்டார்கள். நாற்காலிக் கால்கள் மட்டும் அவன் பொறுப்பு. கால் என்றால் நேர்க்கால் இல்லை. ஆசையாகக் கொஞ்சம் வளைத்துச் சாய்த்து வரைந்திருந்தான். குடிலுக்குப் பின்னால் பலகையைத் தாங்க இரண்டு மரக்குதிரைகளைப் போட்டு, வானொலியைத் திருகிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு அறுத்தான். முதல் நாற்காலி முடிய அரை மாதம் ஆனது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உட்கார்ந்து பார்த்து, எழுந்து பார்த்து, தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள முடியவில்லையே என்று வருந்தினான். அன்றைக்கே கரும்பச்சைப் பெயின்ட் அடித்தான்.

அங்கேதான் சனியன் பிடித்தது. இரண்டாவது நாற்காலிக்குக் கால் வரைய முதல் நாற்காலியின் காலைத்தானே அச்சாக வைக்க வேண்டும்? பெயின்ட் காயும்வரை பொறுத்தான். நாற்காலியைப் படுக்கப் போட்டு, அதன் ஒரு காலைப் பலகைமேல் வைத்து, தடித்த தச்சுப் பென்சிலால் சுற்றி வரைந்தான். கோட்டுக்கு வெளியே தள்ளி அறுத்தான். மிச்சமிருந்தால் இழைத்துக்கொள்ளலாம், குறைந்தால் ஒட்டவா முடியும் என்பது அவன் கணக்கு. கணக்கு சரிதான்; இழைக்கத்தான் மறந்துவிட்டான். அந்த நாற்காலிக்கும் பெயின்ட் அடித்தான். கையருகில் இருந்தது என்று மூன்றாவதற்கு இரண்டாவதின் காலை அச்சாக வைத்தான், நான்காவதற்கு மூன்றாவதின் காலை. இப்படியே நகலுக்கு நகல் எடுத்து ஆறு வரைக்கும் போனான். முடிந்த ஒவ்வொன்றையும் ஹென்னி கண்ணில் படாமல் தார்ப்பாய்க்கு அடியில் தலைகீழாகச் சொருகி வைத்தான். எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்திப் பார்க்கத் தோன்றவே இல்லை.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் ஹென்னி முடி திருத்திக்கொள்ள நகரத்துக்குப் போனாள். எஸ்பென் விசிலடித்துக்கொண்டே நாற்காலிகளைப் புல்வெளியில் வரிசையாக நிறுத்தினான். விசில் பாதியில் நின்றது.

அண்ணன் தம்பி ஆறு பேரைப் படம் எடுக்க வயசுப்படி நிறுத்தியது மாதிரி இருந்தது. முதலாவது அடக்கமாக நின்றது. இரண்டாவது அதைவிட ஒரு விரற்கடை உயரம். அடுத்தது இன்னொரு விரற்கடை. ஆறாவதில் உட்கார்ந்து பார்த்தான். அவ்வளவு நீளக் காலுள்ள அவனுக்கே குதிகால் தரையில் பாவவில்லை.

முதலில் ரம்பத்தை எடுத்தான். பிறகு வைத்துவிட்டான். சாய்வான கால்; ஒன்றைக் குறைக்கப் போனால் இன்னொன்று கோணும், அதைச் சரிசெய்யப் போனால் மற்றது ஆடும். தன் கை வேலை எப்படிப்பட்டது என்று இப்போது அவனுக்கே தெரிந்திருந்தது. தலையில் கை வைத்துக் குடிலை ஒட்டிய கருவிக் கொட்டகையின் வாசலில் உட்கார்ந்தான். நாளைக்கு வெர்னர் ஒரே ஒரு பார்வை பார்ப்பான். பார்த்துவிட்டுச் சிரிக்கக்கூட மாட்டான். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்கு மீசை திருத்தப் போய்விடுவான். சாகிற வரைக்கும் எஸ்பென் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கொட்டகைச் சுவரில் துலிப் கிழங்கு நடும் குழாய் தொங்கியது. அழுத்தித் திருகினால் புல்லோடு சேர்த்து ஒரு உருண்டை மண்ணைப் பெயர்த்து எடுக்கும். எஸ்பென் குழாயைப் பார்த்தான். நாற்காலிகளைப் பார்த்தான். பிறகு குழாயை மறுபடியும் பார்த்தான். எழுந்து அதை ஆணியிலிருந்து கழற்றினான்.

உயரத்தைக் குறைக்க மரத்தைத்தான் தொட வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

முதல் நாற்காலியை அப்படியே தரையில் விட்டான். இரண்டாவதின் கால்களை ஒரு விரற்கடை புதைத்தான். அடுத்தடுத்தவற்றைக் கூடக்கூடப் புதைத்துக்கொண்டே போனான். ஆறாவதற்குக் கிட்டத்தட்டக் கிணறு வெட்ட வேண்டியிருந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்து, கால்களைச் சுற்றி மண்ணை மிதித்து, மேலே புல்லைச் சீவி ஒட்டினான். ஆறு நாற்காலியும் மேஜையைச் சுற்றி ஒரே உயரத்தில், ஒரே பச்சையில், அழகாக நின்றன. முன்னே இழுக்க முடியாதுதான். பேருந்தில் யாராவது இருக்கையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொள்கிறார்களா? நாளைக்கு மழை இல்லை என்று வானொலி வேறு சொல்லியிருந்தது. அதையும் நம்பினான்.

சாயங்காலம் ஹென்னி சுருட்டிவிட்ட முடியோடு வந்து, நாற்காலிகளைப் பார்த்துக் கைப்பையைப் புல்லில் போட்டாள்.

"எஸ்பென்! நீயா செஞ்ச?"

"வேற யாரு, பறவையா?"

"உக்காந்து பாக்கட்டுமா?"

"பெயின்ட் காயல!" என்று அவன் குறுக்கே பாய்ந்தான். "நாளைக்கு உக்காரலாம்."

அவள் நாற்காலிகளைச் சுற்றி வந்தாள். பிறகு அவன் காற்சட்டையைப் பார்த்தாள். "முழங்கால்ல என்ன அவ்வளவு மண்ணு?"

"வேண்டிக்கிட்டேன்."

சர்ச்சுக்குக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் போகிற ஆள் அவன். ஹென்னி அந்த மண்ணைத் தட்டிவிட்டாள். அவன் நெற்றி முத்தம் கொடுத்தான், அவள் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் ஊரே வாசலில் நின்று பாடியது. எஸ்பென் கண்ணைக் கசக்கிக்கொண்டு இரவுச் சட்டையோடு கதவைத் திறந்து திடுக்கிட்டான். அடுப்பில் ரொட்டி வெந்து மணம் வீதிவரை வந்துகொண்டிருந்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஹென்னி அப்போதுதான் எழுந்தவள் மாதிரி கொட்டாவி விட்டாள், உதட்டுச் சாயம் கலையாமல். வாசலின் ஒரு பக்கத்தில் மட்டும் பைன் கிளைகளால் பாதி வளைவு எழும்பி, செப்புக் கரண்டிகளும் செப்புக் கம்பிப் பூக்களும் தொங்க, அந்தரத்தில் நின்றது. கட்டியவன் வெர்னர்தான். பாதி வளைவுகூட எவ்வளவு கச்சிதமாக இருக்கிறது என்று எஸ்பென் மனசுக்குள் கறுவிக்கொண்டான்.

கொடி ஏற்றியாயிற்று. தோட்டச் சங்கத் தலைவி ஆஸ்டா மேஜைக்கு வந்தாள். அளவுக்குச்சி இல்லாமல் அவள் வெளியே வருவதில்லை. யார் வேலி விதியைவிட ஒரு விரல் வளர்ந்தாலும் அன்றைக்கே கதவைத் தட்டுவாள். நாற்காலிகளின்மேல் குச்சியை வைத்துப் பார்த்தாள். "அடேயப்பா, எங்க சங்கத்துல ஒரு வேலிகூட இவ்வளவு மட்டமா இல்ல" என்றாள். ஹென்னியின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்த எஸ்பென், பக்கத்து நாற்காலியடிப் புல்லைக் காலால் இன்னொரு மிதி மிதித்தான்.

வெர்னர் வந்து உட்கார்ந்தான். வழக்கம்போல நாற்காலியை முன்னே இழுக்கப் பார்த்தான். வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தான். பிறகு மெதுவாகக் குனிந்து காலடியைப் பார்த்தான். பூட்ஸ் நுனியால் புல்லை அழுத்தினான். புல் துண்டு தொப்பி மாதிரி லேசாகத் தூக்கிக்கொண்டு வந்தது.

எஸ்பென் கையில் எடுத்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டான். இதோ சொல்லப் போகிறான். ஆனால் வெர்னரின் முகத்தில் வெற்றி இல்லை. மாட்டிக்கொண்டவன் முகம் வெளுப்பதுபோல அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"தீர்ப்பச் சொல்லு வெர்னர்" என்றாள் ஹென்னி. "எல்லாம் ஒண்ணுதானா?"

வெர்னர் நாற்காலிகளைப் பார்த்தான். ஆப்பிள் மரத்தடியைப் பார்த்தான். "அது... மேலோட்டமாப் பாத்தா..." என்று இழுத்தான். "மொதல்ல இன்னொரு கசப்பு ஊத்துங்கப்பா. வெறும் வயித்துல தீர்ப்புச் சொல்லக் கூடாது."

எஸ்பென் புட்டியோடு ஓடிவந்து, ஊற்றுகிற சாக்கில் காதருகே குனிந்தான். "பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"சொல்லிடுவியா?"

"சொல்லல. பெஞ்ச மட்டும் நகர்த்தாத."

"நான் ஜெயிச்சா நகர்த்தித்தானே ஆகணும்? பந்தயமே அதுக்குத்தானே!"

"அதான் யோசிச்சுட்டு இருக்கேன்" என்று முனகிவிட்டு வெர்னர் ஒரே மடக்கில் குடித்தான்.

இவ்வளவு பிரியமா அந்தப் பெஞ்சின்மேல் என்று எஸ்பெனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இல்லை, பெஞ்சு இல்லை. இவனுக்கு இன்னமும் ஹென்னியின்மேல்தான் பிரியம். அதனால்தான் மண்டியிட்டுப் புல் வெட்டுகிறான். அதனால்தான் இப்போது அவள் முன்னால் பெருந்தன்மை காட்டுகிறான். அவனுடைய இரக்கத்தில் ஜெயிப்பதைவிடத் தோற்றுப்போவது மேல் என்று எஸ்பென் வாயைத் திறக்கப் போன நேரத்தில், மூக்கின்மேல் ஒரு சொட்டு விழுந்தது.

வானொலிக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடும். சடசடவென்று பிடித்துக்கொண்டது. அந்த ஊர்க்காரர்களுக்கு மழை புதிதில்லை. யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் ரொட்டிக் கூடையை எடுத்தார், ஒருவர் பாலாடைக்கட்டியை எடுத்தார், உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கினார்கள்.

"வேண்டாம், நனைஞ்சா நனையட்டும், விடுங்க!" என்று எஸ்பென் கத்தியது மழையில் கரைந்துபோனது.

முதல் நாற்காலி சமர்த்தாகப் போனது. இரண்டாவதும் மூன்றாவதும் கொஞ்சம் முரண்டு பிடித்து வந்தன. ஆறாவதைப் பிடித்தவள் ஆஸ்டா. அவள் ஒரு இழு இழுத்தாள். அசையவில்லை. சங்கத் தலைவிக்கு ரோஷம் வந்துவிட்டது. காலை அகட்டி நின்று, இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். நாற்காலி வயலில் பிடுங்கிய முள்ளங்கி மாதிரி மண்ணோடு வெளியே வந்தது. ஆஸ்டா பின்புறமாகப் புல்லில் உட்கார்ந்தாள். மடியில் நாற்காலி, நாற்காலியின் நான்கு காலிலும் களிமண்.

ஹென்னி குனிந்து ஒவ்வொரு குழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசிக் குழியில் மழைத்தண்ணீர் தேங்க ஆரம்பித்திருந்தது. நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

"வேண்டிக்கிட்டியா?" என்றாள்.

எஸ்பென் தலையைக் குனிந்துகொண்டான். மழையில் முகம் நனைந்தது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று.

"ஏமாத்திட்டானே பாவி!" என்று ஆஸ்டா எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். "சரி சரி, உள்ள ஆளுக்கு நாற்காலி பத்தாது. அந்தப் பெஞ்சையும் தூக்கிட்டு வாங்க. நாலு பேர் புடிங்க."

"கூடாது!" என்று வெர்னர் அலறினான். "பூட்டு விட்டுப்போயிரும்! ஓக்கு! ஒரே இடம்!"

ஒரு மழைக்கு இவ்வளவு கூச்சலா என்று எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் நான்கு பேர் பெஞ்சைப் பிடித்தாயிற்று. ஒரு முனை சட்டென்று தூக்கிக்கொண்டது. மறுமுனை வரவில்லை. அவர்கள் உலுக்கினார்கள். அசைத்தார்கள். கடைசியில் சளக்கென்று ஒரு சத்தம் கேட்டு, அந்த முனையும் வெளியே வந்தது.

அந்தப் பக்கத்துக் கால்கள் இரண்டும் இந்தப் பக்கத்துக் கால்களைவிட முழுசாக ஒரு சாண் நீளம். மண்ணுக்குள் இருந்த பகுதி மட்டும் கறுத்துப்போயிருந்தது. புல்லில் நிமிர்த்தி வைத்ததும் பெஞ்சு ஒரு பக்கமாகச் சரிந்து, கடனுக்குக் குடித்தவன் மாதிரி நின்றது.

எஸ்பென் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். அவ்வளவு வருஷத்துக் கத்தரிக்கோலும் அந்த ஒரு நொடியில் அவனுக்குப் புரிந்துவிட்டது. பிரியமாவது மண்ணாவது! மண்ணைத்தான் பார்த்துப் பார்த்து மூடியிருக்கிறான்.

"வெர்னர்" என்றாள் ஹென்னி.

"என்ன."

"பூட்டு விட்டுப்போயிரும்னியே."

"விடலியே. பாரு, எவ்வளவு கெட்டியா இருக்கு" என்றான் வெர்னர் தரையைப் பார்த்துக்கொண்டு. பிறகு அவனுக்கே தாங்கவில்லை. "மடக்கு அளவுகோல்ல ஒரு மடிப்ப விரிக்க மறந்துட்டேன், ஹென்னி. ஒரு பக்கம் குட்டையா அறுத்துட்டேன். நீ மஞ்சக் கவுன் போட்டுட்டு பக்கத்துல நின்ன. ஊருக்கெல்லாம் ஜன்னல் செய்றவன், சொந்தப் பெஞ்சுல கோட்டை விட்டேன்னு எப்படிச் சொல்றது? அன்னைக்கு மறைச்சேன். அப்புறம் மறைச்சுக்கிட்டே இருக்க வேண்டியதாப் போச்சு."

"ஜூலை மாசம்!" ஹென்னியின் குரல் நடுங்கியது. "ஜூலை மாசம் சால்வ போத்திக்கிட்டு நெழல்ல வெறவெறன்னு உக்காந்திருந்தேன்! பூட்டு விட்டுப்போயிரும்னு பயந்துக்கிட்டு!"

அழப்போகிறாள் என்றுதான் எஸ்பென் நினைத்தான். அவள் இரண்டு ஆண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். இருவரும் தொப்பலாக நனைந்து, இருவரும் தலைகுனிந்து, ஆளுக்கொரு குழியின் பக்கத்தில் நின்றார்கள். ஹென்னிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்து, சுருட்டிவிட்ட முடியெல்லாம் கலைந்து தொங்கியது.

"ரெண்டு தடவ கல்யாணம் பண்ணினேன்" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "ரெண்டு பேரும் ஒரே பள்ளத்தத்தான் தோண்டியிருக்கீங்க!"

பெஞ்சை அங்கேயே விட்டுவிட்டு எல்லாரும் குடிலுக்குள் நெருக்கியடித்துக்கொண்டார்கள். உள்ளே இன்னொரு கூத்து. ஆறு நாற்காலியையும் குடிலுக்குள் இருந்த மேஜையைச் சுற்றிப் போட்டதும், யாரும் பெரியதில் உட்காரச் சம்மதிக்கவில்லை. பக்கத்துக்காரன் தலைக்குமேல் தன் தலை தெரிவதுபோல ஒரு அவமானம் அந்த ஊரில் கிடையாது. நீ உட்காரு, இல்லையில்லை நீ உட்காரு என்று குட்டை நாற்காலிக்கு ஒரு தள்ளுமுள்ளே நடந்தது. கடைசியில் ஆறாவது நாற்காலி ஆஸ்டா தலையில் விழுந்தது. அவள் அதில் ஏறி உட்கார்ந்து, கால் தொங்க, எல்லாருடைய உச்சந்தலையையும் பார்த்துக்கொண்டு, வெட்கத்தில் சிவந்துபோய் ரொட்டியை மென்றாள்.

யாரோ கரண்டியால் தட்டில் தட்டினார்கள். அடுத்தவரும் தட்டினார். குடிலே அதிர்ந்தது. தட்டில் தட்டினால் தம்பதி நாற்காலிமேல் ஏறி நின்று முத்தம் கொடுத்தாக வேண்டும். அதற்குத் தப்பித்தவர்கள் அந்த நாட்டில் இல்லை.

ஆஸ்டா, விட்டால் போதும் என்று குதித்து இறங்கினாள். எஸ்பென் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின்மேல் ஏறினான். அது முதலில் செய்தது, குட்டை. ஹென்னி சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆறாவது நாற்காலியை இழுத்து, அவன் நாற்காலியை ஒட்டிப் போட்டு, வெர்னரின் தோளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள்.

எஸ்பென் பழக்கப்படி உதட்டைக் குவித்தான். உதட்டுக்கு நேராக நெற்றி இல்லை. அவளுடைய கண் அவன் கண்ணுக்கு நேராக இருந்தது, மூக்கு மூக்குக்கு நேராக இருந்தது, மற்றதும் அப்படியே. பன்னிரண்டரை வருஷத்தில் அவள் முகத்தை இந்த உயரத்தில் அவன் நின்றபடி பார்த்ததே இல்லை. ஹென்னி எம்பவில்லை, அண்ணாந்து பார்க்கவில்லை. அவன் காதைப் பிடித்து இழுத்து, ஊர் பார்க்க, சாவகாசமாக முத்தம் கொடுத்தாள். தட்டுகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. எஸ்பெனுக்கு மூச்சு முட்டி, நிமிரப்போய், உத்தரத்தில் மண்டை இடித்தது.

"தீர்ப்பு இன்னும் வரலியே" என்றாள் ஆஸ்டா, விதியை விடாதவள்.

வெர்னர் எழுந்து நின்றான். "ஆறும் ஒண்ணு மாதிரி இல்ல" என்றான். "எஸ்பென் தோத்துட்டான். நானும் சேத்திதான்."

"அப்ப பெஞ்சு தோட்டத்துலயே இருக்கும்" என்றாள் ஹென்னி நாற்காலிமேல் நின்றபடியே. "பந்தயம் பந்தயந்தான். ஆனா தோட்டத்துல எந்த மூலைன்னு நான் சொல்லலியே?"

பெஞ்சு உரக்குழிப் பக்கம் போனது. குட்டைக் கால்களுக்கு அடியில் செங்கல் கொடுத்து, மேலே காலிப் பூந்தொட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். மழை பெய்தால் தொட்டிகள் ஒரு பக்கமாக நழுவும். வெர்னர் இப்போதெல்லாம் கத்தரிக்கோல் கொண்டுவருவதில்லை. வெறுங்கையோடு வந்து குட்டை நாற்காலியாகப் பார்த்து உட்காருகிறான்.

விழா முடிந்த மறுவாரம் எஸ்பென் காலையிலேயே கொட்டகையிலிருந்து ரம்பத்தை எடுத்தான். இழைப்புளியையும் எடுத்து வைத்தான். ஆறாவது நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, காலில் பென்சிலால் கோடு போட்டான். இந்த முறை கோட்டின்மேலேயே அறுப்பது என்று தீர்மானம் பண்ணியிருந்தான்.

புல்வெளி நடுவில், நல்ல வெயிலில், சால்வை இல்லாமல் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த ஹென்னி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எஸ்பென், அது என்ன கையில?"

"ரம்பம். ஆறையும் ஒரே உயரமாக்கிடறேன். பாக்க அசிங்கமா இருக்குல்ல?"

"மத்ததெல்லாம் உன் இஷ்டம்" என்றாள் ஹென்னி. "அந்த ஒண்ணுல மட்டும் ரம்பம் பட்டுச்சு, சாகற வரைக்கும் உனக்கு என் நெத்திதான்."

எஸ்பென் நாற்காலியை நிமிர்த்தி வைத்தான். பிறகு, பத்திரமாக இருக்கட்டும் என்று, அதில் இன்னொரு கை பெயின்ட் அடித்தான்.